ப்ளக் ஒண்ணு, ஆப் ஒன்பது! தாம்பரம் டு எட்டயபுரம் ஒரு மின்சாரப் பயணம்

"காலையில ஆறுக்கும் ஏழரைக்கும் நடுவுல முகூர்த்தம். தாய்மாமன் மடி இல்லாம பிள்ளைக்குக் காது குத்த மாட்டாங்க. நேரத்துக்கு வந்துரு அண்ணே!"

தங்கச்சி போனில் சொன்னதை அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் ஆரம்பித்தார்.

"ஏலே, கரன்ட் காரையா எடுக்கப்போற? வழியில நின்னுபோச்சுன்னா யாரு மடி குடுக்க? பேசாம முத்துநகர்ல டிக்கெட் போடு."

முத்துநகர் எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியலே நீண்டுகொண்டிருந்தது. பொங்கல் முடிந்த வாரம் வேறு எப்படி இருக்கும்? ஐந்து பேர், சீர்வரிசைத் தட்டு சாமான்கள், அப்பாவின் மருந்துப் பை, மகனின் கிரிக்கெட் மட்டை. பஸ்ஸும் சரிப்படாது. தாம்பரத்தில் இருந்து எட்டயபுரம் பக்கத்தில் உள்ள எங்கள் குலசாமி கோயிலுக்கு 540 கிலோமீட்டர் சொச்சம். எங்களுடையது 2021-ல் வாங்கிய நெக்ஸான். 30.2 கிலோவாட் மணி பேட்டரி. ஐந்து பேரும் ஏ.சி-யும் சேர்ந்தால் நான்குவழிச் சாலையில் 200 கிலோமீட்டர்தான் கணக்கு. அதாவது வழியில் மூன்று முறை சார்ஜ் போட்டாக வேண்டும்.

"அந்தக் கம்பெனி சார்ஜர் எல்லா இடத்துலயும் இருக்குமா?" என்றார் அப்பா.

"எந்தக் கம்பெனி சார்ஜர்லயும் போடலாம்ப்பா."

அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் ஒரு டப்பா நிறைய பழைய மொபைல் சார்ஜர்கள் கிடக்கின்றன. மெல்லிய பின், பட்டைப் பின், ஆப்பிளுக்குத் தனிப் பின். எதுவும் எதற்கும் சேராது. அதே குழப்பம் காரிலும் வந்திருக்க வேண்டியது, கொஞ்சத்தில் தப்பித்தோம். 2018 டிசம்பரில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட முதல் வழிகாட்டு நெறிமுறையில், ஒரு பொது சார்ஜிங் நிலையம் ஐந்து வகை சார்ஜர்களை வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. ஐரோப்பிய வகை, ஜப்பானிய வகை, நம் நாட்டுக்கென்று வகுத்த இரண்டு வகை என்று ஒரு கதம்பம். எந்த வண்டி வரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது.

ஜப்பானிய வகைக்குப் பெயர் சேடமோ. ஜப்பானிய மொழியில் 'ஒரு டீ சாப்பிடலாமா?' என்று கேட்கும் தொனி அந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறதாம். சார்ஜ் ஏறும் நேரத்தில் டீ குடிக்கலாம் என்பது கணக்கு. நம் ஊரில் அந்தப் ப்ளக் நிலைக்கவில்லை, டீ மட்டும் நிலைத்துவிட்டது.

2019-ல் ஹூண்டாயின் கோனா வந்தது. 2020 ஜனவரியில் நெக்ஸானும் எம்.ஜி-யின் இசட்.எஸ்ஸும் வந்தன. மூன்றும் வேறு வேறு கம்பெனி. ஆனால் மூன்றும் வேகச் சார்ஜுக்கு ஒரே ப்ளக்கை எடுத்துக்கொண்டன: சி.சி.எஸ்.2. மேலே ஏழு துளை, கீழே தடிமனாக இரண்டு துளை. வீட்டு மின்சாரத்துக்கு மேல் பகுதி மட்டும் போதும். வேகமாக ஏற்ற வேண்டும் என்றால் கீழே உள்ள இரண்டும் சேர்ந்துகொள்ளும். அதன்பின் வந்தவர்களும் அதே வழியில் வந்தார்கள். அரசும் 'ஐந்தும் வை' என்ற கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது.

இதை அப்பாவுக்கு ஒன்பது துளைகளையும் காட்டி விளக்கினேன். உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்பாசடரா, பியட்டான்னு எந்தப் பங்குக்காரன்டே கேட்டான்? இதுக்கு இவ்வளவு வியாக்கியானமா?"

மறுநாள் அதிகாலை 5 மணிக்குக் கிளம்பினோம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் விடியற்காலையில் போவதே ஒரு சுகம். பரனூர் டோல்கேட்டை ஒட்டி மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. செங்கல்பட்டுப் பக்கத்து இந்த ஆராய்ச்சி மையத்தில்தான் மஹிந்திராவின் பி.இ.6, எக்ஸ்.இ.வி. 9இ மின்கார்கள் உருவாயின. "மாமா வண்டி இங்கதான் பொறந்துச்சா?" என்று மகன் எட்டிப் பார்த்தான். மதுராந்தகம் தாண்டும்போது சூரியன் வந்தது. சத்தமே இல்லாமல் ஓடும் வண்டியில் பின்சீட்டில் மூன்று பேரும் தூங்கிப்போனார்கள். அப்பா மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து சதவிகிதத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "எழுபத்தொண்ணு… எழுபது…" ஐ.சி.யூ-வில் மானிட்டரைப் பார்க்கிற மாதிரி.

விக்கிரவாண்டியில் முதல் நிறுத்தம். ஒரு ஹோட்டல் வாசலில் சார்ஜர். ஏற்கெனவே ஒரு கோனா நின்றிருந்தது. இங்கேதான் முதல் வேடிக்கை. கோனாவுக்கு மூக்கில் துளை. எங்கள் வண்டிக்குப் பின்பக்கவாட்டில், பெட்ரோல் மூடி இருக்கும் இடத்தில். கேபிளோ இரண்டரை ஆள் நீளம். கோனாக்காரர் முன்னால் இடித்துக்கொண்டு நிற்க, நான் பின்னால் வந்து கோணலாகச் சொருக, ஹோட்டல் காவலாளி இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று "வரட்டும்… வரட்டும்… சார், என் கால்!" என்று இயக்குநர் வேலை பார்த்தார். ப்ளக் ஒன்றாகிவிட்டது. அது எங்கே இருக்க வேண்டும் என்பதில் இன்னும் யாரும் ஒத்துப்போகவில்லை.

இந்தக் கூத்து நமக்கு மட்டும் இல்லை. டெஸ்லா 2012-ல் இருந்து தன் கார்களுக்கு மட்டும் என்று கட்டிய சார்ஜிங் நிலையங்களில் பத்தை 2021 நவம்பரில் நெதர்லாந்தில் மற்ற கம்பெனிக் கார்களுக்கும் திறந்துவிட்டுப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளிலும் திறந்தது. அதன் கேபிள் டெஸ்லா காரின் துளைக்கு ஏற்ற நீளத்தில் இருந்ததால், விருந்தாளிக் கார்கள் இரண்டு கார் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே டெஸ்லாவின் ப்ளக்கையே மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2023 மே மாதம் ஃபோர்டு ஆரம்பித்துவைக்க, ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். பத்து வருடச் சண்டை அது. அந்தச் சண்டை இல்லாமலேயே நமக்கு ஒரே ப்ளக் வாய்த்தது.

ஆனால் நமக்கென்று ஒரு சண்டை வேண்டுமே! அதற்குத்தான் ஆப்.

பெட்ரோல் பங்கில் பணத்தைக் கொடுத்தால் பெட்ரோல். இங்கே ஒவ்வொரு சார்ஜர் கம்பெனிக்கும் ஒரு ஆப். அதில் பதிவு செய்ய வேண்டும். வாலட்டில் முன்பணம் போட வேண்டும். இருநூறு, முந்நூறு என்று ஏற்றினால், சார்ஜ் முடிந்த பிறகு ஒரு எழுபது ரூபாய் அங்கேயே தங்கிவிடும். அடுத்த முறை வேறு கம்பெனி, வேறு ஆப், வேறு எழுபது ரூபாய். என் போனில் ஒன்பது சார்ஜிங் ஆப்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் தேங்கிக் கிடக்கும் பணத்தை ஒருநாள் மனைவி கூட்டிப் பார்த்தாள். 940 ரூபாய். "ஏங்க, இதுக்கு ஒரு குக்கர் வாங்கியிருக்கலாம்" என்றாள்.

பொங்கலும் வடையும் முடிந்து, 90 சதவிகிதத்தோடு கிளம்பினோம். அடுத்து பெரம்பலூர் அருகே ஒரு பெட்ரோல் பங்க். அங்கே எந்தக் கதையும் இல்லை. சொருகினோம், ஏறியது, புளியோதரை சாப்பிட்டோம். 2022-ல் பாரத் பெட்ரோலியம் சென்னை–திருச்சி–மதுரைச் சாலையில் தன் பங்குகளில் வேகச் சார்ஜர்களை வைத்தபிறகு இந்தப் பாதை ரொம்பவே சுலபமாகிவிட்டது. அதற்கு முன்னால் இதே வழியில் ஒரு முறை போய், ஒரு லாட்ஜில் ரூம் எடுத்து, ஜன்னல் வழியாக வயர் போட்டு ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றியிருக்கிறேன். ரூமைவிட வயருக்குத்தான் மேனேஜர் அதிகம் யோசித்தார்.

திருச்சியைப் புறவழியில் கடந்தோம். விராலிமலையில் மயில் தெரிகிறதா என்று மகள் கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு மணிக்குத் துவரங்குறிச்சி தாண்டி, நான் திட்டம் போட்டு வைத்திருந்த மூன்றாவது சார்ஜர். வண்டியில் 25 சதவிகிதம். ஆப்பில் அந்த சார்ஜர் பச்சையாகத்தான் காட்டியது.

நேரில் போய்ப் பார்த்தால் திரையே எரியவில்லை. கன் தரையில் கிடந்தது. அதன்மேல் ஒரு ஆட்டுக்குட்டி நின்றிருந்தது. பக்கத்து டீக்கடை அண்ணாச்சி, "அது நாலு நாளா அப்படித்தான் சார் கெடக்கு. தினமும் ரெண்டு வண்டி வந்து பாத்துட்டுப் போகுது" என்றார். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். புகாரைப் பதிவு செய்துகொள்வதாக ஒரு பெண் இனிமையாகச் சொன்னார். பச்சை மட்டும் மாறவில்லை.

அடுத்தது மேலூர் அருகே. 42 கிலோமீட்டர். 25 சதவிகிதத்தில் கணக்குப்படி 50 போகலாம். கணக்குப்படி.

ஏ.சி-யை அணைத்தேன். வேகத்தை 55-க்குக் குறைத்தேன். லாரிகள் எல்லாம் எங்களை ஹாரன் அடித்து முந்திப் போயின. கொட்டாம்பட்டி வரும்போது 14. அப்பா சதவிகிதம் சொல்வதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. நாளைக் காலை முகூர்த்தம், தங்கச்சி முகம், அவள் மாமியார் முகம் எல்லாம் கண்ணாடியில் வந்து போயின. "லாரியில கட்டி இழுத்துட்டுப் போவாங்களாப்பா?" என்று மகன் ஆசையாகக் கேட்டான். அவன் அம்மா தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

7 சதவிகிதத்தோடு மேலூருக்கு முந்தைய அந்தப் பங்குக்குள் நுழைந்தோம். 60 கிலோவாட் சார்ஜர், இரண்டு கன். ஒன்றில் ஒரு எம்.ஜி. நின்றிருந்தது. இன்னொன்று காலி. அப்பாடா என்று கன்னைக் கையில் எடுத்தேன்.

"சார், ஒரு நிமிஷம்."

எம்.ஜி-க்குள் இருந்து ஒருவர் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். சங்கடத்தோடுதான் பேசினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க அதைப் போட்டா எனக்குப் பாதியாயிரும். நாகர்கோவில்லேர்ந்து வாரோம். அம்மாவுக்கு நாளைக்குக் காலையில மெட்ராஸ்ல கண் ஆபரேஷன். ராத்திரிக்குள்ள போய்ச் சேரணும். ஒரு அரை மணி நேரம் பொறுக்க முடியுமா?"

அவர் சொன்னது நிஜம். இந்த மாதிரி இரட்டை கன் சார்ஜர்களில் ஒரு வண்டி மட்டும் நின்றால் முழு 60-ம் அதற்கே. இரண்டாவது வண்டி வந்தால் ஆளுக்கு 30. அவர் வண்டி ஐம்பது சொச்சம் இழுத்துக்கொண்டிருந்தது. நான் சொருகினால் அவருக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் ஆகும். பெட்ரோல் பங்கில் பக்கத்துக் குழாயில் ஒருவர் அடித்தால் நமக்குப் பெட்ரோல் மெதுவாக வருமா? இங்கே வரும். ஒரே ப்ளக் என்று நாம் பெருமைப்படும்போது, யாரும் சொல்லித்தராத பாடம் இது. முதலில் வந்தவருக்கு முன்னுரிமையா, பேட்டரி குறைவாக இருப்பவருக்கா? எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. பின்சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பாட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கு எழவில்லை. கன்னைத் திரும்ப மாட்டினேன்.

அப்பாதான் போய்ப் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், என்ன ஆபரேஷன், எந்தக் கண். பேச்சோடு பேச்சாக, "அடுத்து எங்கய்யா கரன்ட் போடுவீங்க?" என்றார்.

"துவரங்குறிச்சிப் பக்கத்துல ஒண்ணு இருக்கு ஐயா. அங்க டீ குடிச்சுட்டு…"

"அது செத்துக் கெடக்கு! நாங்க அங்கேர்ந்துதான் உயிரக் கையில புடிச்சுக்கிட்டு வாரோம்."

அவர் ஆப்பைத் திறந்தார். அங்கேயும் பச்சை. நான் எடுத்து வைத்திருந்த ஆட்டுக்குட்டிப் படத்தைக் காட்டினேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். பிறகு அவர் மனைவியும் என் மகளும் ஆளுக்கொரு போனில் கணக்குப் போட்டார்கள். திருச்சி இங்கிருந்து நூறு கிலோமீட்டர். அவர் வண்டியில் அப்போதே 52 சதவிகிதம் இருந்தது. இங்கே 80 வரைக்கும் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 60 தாண்டினால் தாராளமாகத் திருச்சி. அங்கே போட்டுக்கொள்ள நாலைந்து இடம் உண்டு.

"நீங்க போடுங்க சார்" என்றார். சொன்னதோடு நிற்காமல் கன்னை எடுத்து அவரே என் வண்டியில் சொருகினார்.

சொருகியாயிற்று. ஓட வைக்க வேண்டுமே! அந்த சார்ஜர் என் ஒன்பது ஆப்களில் எதிலும் சேராத பத்தாவது கம்பெனி. ஆப்பை இறக்கி நம்பர் கொடுத்தேன். ஓ.டி.பி. வரவில்லை. மறுபடி கேட்டேன். வரவில்லை. மூன்றாவது முறை, 'அதிக முயற்சிகள், 30 நிமிடம் கழித்து வரவும்' என்றது. ப்ளக் பொருந்துகிறது, வயரில் மின்சாரம் இருக்கிறது, கையில் பணம் இருக்கிறது. ஆறு இலக்கத்தைக் காணோம்!

"ஒரு நம்பர்ல ஒரு கன்தான் ஓடும். இருங்க" என்று அவர் மனைவி தன் போனை எடுத்தார். அவரிடமும் அதே ஆப். வாலட்டில் 700 ரூபாய். க்யூ.ஆரை ஸ்கேன் செய்தார். டொக் என்று ஒரு சத்தம். என் வண்டியின் டேஷ்போர்டில் மின்னல் குறி வந்தது. அப்போது நான் விட்ட மூச்சு அந்தப் பாட்டிக்கே கேட்டிருக்கும்.

கால் மணி நேரத்தில் அவர்கள் வண்டி 62-ஐத் தொட்டது. கிளம்பத் தயாரானார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வண்டியில் ஏறிக்கொண்டிருக்கும் மின்சாரம் அந்த அம்மாவின் போனில் ஓடுகிறது. அவர்கள் போய்விட்டால் யார் நிறுத்துவது? அதுவரை எவ்வளவு ஏறும், எவ்வளவு பணம் என்று எப்படித் தெரியும்?

"போன் பண்ணுங்க, போற வழியில நிறுத்திர்றேன். பணத்தை அப்புறம் அனுப்புங்க" என்றார் அந்த அம்மா, ஏதோ பக்கத்து வீட்டில் சர்க்கரை கொடுக்கிற மாதிரி. எங்கள் பெயர்கூட அதற்குப் பிறகுதான் கேட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து 88 சதவிகிதம் ஆனதும் போன் செய்தேன். "விராலிமலை தாண்டிட்டோம். இதோ…" அவர் அங்கே விரலால் தொட, இங்கே என் வண்டியில் டொக் என்று பூட்டு விடுபட்டது. 560 ரூபாய். அனுப்பினேன். திருச்சியில் எந்த சார்ஜர் காலியாக இருக்கிறது என்று தேடிப் பிடித்து மகள் அவர்களுக்கு அனுப்பினாள்.

நெதர்லாந்தில் ஒரே அட்டையை வைத்துக்கொண்டு ஏறக்குறைய எல்லா கம்பெனி சார்ஜரிலும் போட்டுக்கொள்ளலாம். கணக்கைக் கம்பெனிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும். நம் ஊரிலும் ஹூண்டாய் அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவில் 180 கிலோவாட் சார்ஜர் வைத்தபோது எந்தக் கம்பெனி மின்காரும் வரலாம் என்றுதான் சொன்னது. வரலாம், ஆனால் ஆப் வேண்டும்! மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி பொது சார்ஜர்களுக்கு. நாடு முழுவதற்கும் ஒரே ஆப் உருவாக்கும் பொறுப்பை 2025-ல் பெல் நிறுவனத்திடம் கொடுத்திருப்பதாக அறிவித்தார்கள். சீக்கிரம் வரட்டும். வரும்போது, செத்துக் கிடக்கும் சார்ஜருக்குப் பச்சை காட்டாமல் வந்தால் இன்னும் புண்ணியம். இந்தப் பயணத்தில் எனக்கு ஆப்பைவிட அந்தப் பொய்ப் பச்சைதான் ஆபத்தாகப் பட்டது.

மதுரையைச் சுற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை சாலையில் ஏறினோம். பந்தல்குடி தாண்டியதும் மண் கறுப்பாகிவிட்டது. தை மாதக் கரிசல். மக்காச்சோளமும் உளுந்தும் அறுவடைக்கு நின்றன. அப்பா ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். சதவிகிதத்தை மறந்தே போனார். பாரதி பிறந்த எட்டயபுரத்தில் விளக்கு வைக்கும் நேரம். அங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் ஊர்.

ஊரில் இன்னொரு சோதனை. தங்கச்சி மாமியார் வீட்டுத் தாழ்வாரத்தில் 15 ஆம்பியர் பாயின்ட்டில் வயரைச் சொருகினால் சிவப்பு விளக்கு. எர்த் இல்லை. எர்த் இல்லாத வீட்டில் இந்த வயர் ஒரு யூனிட்கூட ஏற்றாது, நம் பாதுகாப்புக்குத்தான். மச்சான் என்னை மாவு மில்லுக்குக் கூட்டிப்போனார். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே மெயின் பலகைக்குப் பக்கத்தில் சொருகினோம். பச்சை! இது நிஜப் பச்சை. மில்காரர் மீட்டரைக் குறித்துக்கொண்டார். "ராத்திரி பூரா நிக்கட்டும். காலையில வந்து கணக்குப் பாத்துக்கிடுவோம்."

அங்கே மச்சான் பையன்கள் இரண்டு பேரின் ஸ்கூட்டர்களும் நின்றன. ஒன்று ஏத்தர், இன்னொன்று ஹீரோவின் விடா. இரண்டுக்கும் ஒரே வேகச் சார்ஜ் ப்ளக். சென்னை ஐ.ஐ.டி-யில் படித்தவர்கள் தொடங்கி ஓசூரில் வண்டி செய்யும் ஏத்தர், தன் ப்ளக்கின் வடிவமைப்பை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று 2021-ல் திறந்துவிட்டது. 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதையே தரமாக ஏற்றுக்கொண்டது. "கோவில்பட்டிக்குப் போனா ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் மாமா போடுவோம்" என்றான் பெரியவன். அவன் நண்பன் மூன்றாவது கம்பெனி ஸ்கூட்டர். அந்த ப்ளக்குக்கு வேறு வடிவம். அவன் மட்டும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பானாம்.

காலை ஆறே முக்காலுக்கு மருமகளை மடியில் வைத்தேன். மொட்டைத் தலையில் சந்தனம். முதல் காதுக்கு அழவில்லை. இரண்டாவதுக்கு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஊரையே கூப்பிட்டாள். அப்பா தள்ளி நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிளகாய் மில் பக்கம் போனதால் என்றார்.

பதினொரு மணிக்குப் போன் அதிர்ந்தது. நாகர்கோவில்காரர். "அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. பாப்பாவுக்குக் காது குத்தியாச்சா?" குழந்தையின் படத்தை அனுப்பினேன்.

மறுநாள் தூத்துக்குடி போனோம். மக்ரூன் வாங்காமல் சென்னைக்குத் திரும்ப முடியுமா? 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி திறந்த வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்டின் கார் தொழிற்சாலை அந்தப் பக்கம்தான். சிப்காட்டில் 400 ஏக்கரில் கட்டியிருக்கிறார்கள். ஊருக்குள் சார்ஜ் போட நின்றபோது எங்களுக்குப் பக்கத்துக் கன்னில் ஒரு புத்தம்புது வின்ஃபாஸ்ட். அதற்கும் அதே ஒன்பது துளை. அப்பா குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "வியட்நாம்லேர்ந்து வந்தும் இதேதானா!" என்றார். பிறகு அந்தக் காரின் டிரைவரிடம் போய், "தம்பி, நாங்க போட்டா உங்களுக்குப் பாதியாயிருமே, பரவாயில்லையா?" என்று கேட்டார். அந்தப் பையன் முழித்தான். அவனுக்கு அந்தக் கணக்கே தெரியவில்லை. அப்பா உட்கார்ந்து விளக்க ஆரம்பித்துவிட்டார்.

திரும்பும் வழியில் மேலூர் வரும் முன்பே ஒரு மெசேஜ். நாகர்கோவில்காரரிடம் இருந்துதான்.

'நாங்கள் நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறோம். போகிற வழியில் துவரங்குறிச்சி சார்ஜர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா சார்?'

எங்களுக்கு அங்கே நிற்க வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் வண்டியைத் திருப்பி உள்ளே விட்டேன். திரை எரிந்துகொண்டிருந்தது. கன் கொக்கியில் தொங்கியது. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று சொருகி, இரண்டு யூனிட் ஏறுகிற வரை நின்று, படம் எடுத்து அனுப்பினோம். டீக்கடை அண்ணாச்சி எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "நேத்துதான் வந்து சரி பண்ணுனாங்க சார். ஆட்டுக்குட்டியக் காணோமேன்னு தேடுறீங்களா?" என்றார்.